வெல்வெட்டை வைத்துவிட்டு காடாவை எடுங்கள்: 1231ஆம் வருஷத்துக்கு உடை தைப்பது

எங்கள் பக்கம் வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பார்கள், மறுநாள் 13-ல் கோடி அற்புதரான புனித அந்தோணியாருக்குத் திருநாள். முந்தின ராத்திரி கோயில் மைதானத்தில் அந்தோணியார் நாடகம். உடையெல்லாம் வாடகை செட்டுதான். போன வாரம் பக்கத்து ஊரில் கட்டபொம்மன் போட்டிருந்த அதே சிவப்பு வெல்வெட் கோட்டைப் போட்டுக்கொண்டு இங்கே இத்தாலியின் பதுவா நகரத்துக் கஞ்சன் வருவான், இதே கோட்டில்தான் தவக்காலத்தில் ஏரோது ராஜாவும் வந்திருப்பான். ஜிகினா உதிர உதிர அந்தோணியார் மீன்களுக்குப் பிரசங்கம் செய்கிற காட்சி நடக்கும்.

ஒரு வருஷம் உடைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இந்தத் தடவை அந்தக் காலத்து ஆட்கள் நிஜமாக என்ன போட்டார்களோ அதையே தைப்போம் என்று வாய்விட்டுவிட்டேன். அதில் கற்றதையும் கெடுத்ததையும் எழுதுகிறேன். இதே அளவுகளை வைத்துக்கொண்டு பள்ளி ஆண்டு விழாவுக்கும் தைக்கலாம், நாடகமே இல்லாமல் ஆசைக்கும் தைக்கலாம்.

முதலில் துணிக்கடைக்குப் போகாதீர்கள். ஒரு தாளில் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த வருஷம், எந்த ஊர், யார். 'இடைக்கால ஐரோப்பா' என்று எழுதினால் அது ஆயிரம் வருஷம், சங்க காலத்திலிருந்து நாயக்கர் காலம் வரை எல்லாரும் ஒரே மாதிரி வேட்டி கட்டினார்கள் என்று சொல்வதுபோல. அந்தோணியார் 1195-ல் லிஸ்பனில் பிறந்தவர், 1220-ல் பிரான்சிஸ்கன் துறவற சபையில் சேர்ந்தார், 1231 ஜூன் 13-ல் பதுவா பக்கத்தில் இறந்தார். ஆக என் தாளில் இருந்தது: 1231, வட இத்தாலி, ஒரு துறவி, ஒரு பணக்காரக் கஞ்சன், கொஞ்சம் மீனவர்கள், கொஞ்சம் பெண்கள். இதை எழுதிய உடனே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். மார்பிலிருந்து கீழ்வரை வரிசையாகப் பட்டன் வைத்த சட்டை ஐரோப்பாவில் 14ஆம் நூற்றாண்டுச் சமாசாரம், நமக்கு வேண்டாம். காஜா எடுக்கிற வேலை மிச்சம்.

அடுத்தது படம் பார்ப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. நாம் பார்க்க வேண்டியது படம் எப்போது வரைந்தது என்பதை, கதை எப்போது நடந்தது என்பதை இல்லை. திருவாரூர் தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்தில் முசுகுந்தன் கதையைப் பார்த்திருப்பீர்கள். கதை புராண காலத்தது, வரைந்தது 17ஆம் நூற்றாண்டில், அதனால் அங்கே இருக்கிறவர்கள் கட்டியிருப்பதெல்லாம் வரைந்தவர்கள் கண்ணால் பார்த்த உடைகள். ஐரோப்பாவிலும் இதே கதைதான். 1240-கள் வாக்கில் பிரான்சில் வரைந்த ஒரு பட பைபிள் இன்று நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. அதில் தாவீதும் சவுலும் 13ஆம் நூற்றாண்டு இரும்பு வலைக் கவசத்தில் நிற்பார்கள். பைபிள் காலத்துக்கு அது துளியும் உதவாது, நமக்கோ தங்கம். முக்கியமாக ரூத்து கதையில் கதிர் அறுக்கிற ஆட்களைப் பாருங்கள். சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து அறுக்கிறார்கள், நம் ஊர் நடவாட்கள் அறுப்பாட்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வரி விளக்கம் தேவைப்படாது. பதுவாவிலேயே ஜியோட்டோ வரைந்த சுவர் ஓவியங்கள் இருக்கின்றன, ஊர் சரியான ஊர்தான், ஆனால் வரைந்தது 1305 வாக்கில், எழுபது வருஷம் தள்ளிப்போய்விட்டது. 19ஆம் நூற்றாண்டில் யாரோ கற்பனையாக வரைந்த 'இடைக்கால' ஓவியங்களையும் சினிமா ஸ்டில்களையும் தொடவே தொடாதீர்கள். இணையத்தில் தேடினால் முதலில் வந்து விழுவது அவைதான்.

படம் வெளித்தோற்றத்தைத்தான் காட்டும். தையல் எங்கே ஓடுகிறது என்று தெரிய, மிஞ்சிய உடைகளைப் பார்க்க வேண்டும். ஸ்பெயினில் புர்கோஸ் நகரத்து லாஸ் உவெல்காஸ் மடத்துக் கல்லறைகளிலிருந்து 13ஆம் நூற்றாண்டு அரச குடும்பத்தின் உடைகளையே எடுத்திருக்கிறார்கள். ஸ்வீடனில் 1936-ல் ஒரு சதுப்பில் முழு உடையோடு ஒரு ஆள் கிடைத்தார், போக்ஸ்டென் மனிதர் என்பார்கள், 14ஆம் நூற்றாண்டுக்காரர், சட்டை, முக்காட்டுத் தொப்பி, போர்வை எல்லாம் அப்படியே இருந்தன. கிரீன்லாந்தில் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் என்ற இடத்தில் 1921-ல் பௌல் நோர்லுண்ட் தோண்டியபோது நிறையக் கம்பளி உடைகள் வந்தன. அங்கே மரம் அரிது, பெட்டிக்குப் பதிலாகப் பழைய உடையில் சுற்றியே பலரைப் புதைத்திருந்தார்கள், உறைந்த மண் துணியைக் காப்பாற்றிவிட்டது. கடைசி இரண்டும் நம் 1231-க்குப் பிந்தியவைதான், ஆனால் வெட்டும் தர்க்கத்தை இவைபோல வேறெதுவும் சொல்லித்தராது.

அந்தத் தர்க்கம் இதுதான்: துணியை நேர்க்கோட்டில் வெட்டு, எதையும் எறியாதே. நூல் நூற்று, நெய்து, கம்பளியை மிதித்துத் திக்காக்கி ஒரு துணி வருவதற்குள் ஆள் பாதியாகிவிடுவான், அதில் வளைத்து வெட்டிக் குப்பையில் போட யாருக்கும் மனசு வராது. அதனால் உடம்புக்கு ஒரு நீளத் துண்டு, கைக்கு இரண்டு, அகலம் வேண்டிய இடத்தில் முக்கோணம், அக்குளில் ஒரு சின்னச் சதுரம். நான் தாளில் வரைந்து காட்டியதும் எங்கள் தையல்கார அண்ணன், "என்ன தம்பி, ஷேப்பே இல்லாம கோணிப்பை மாதிரி இருக்கு" என்றார். தைத்துப் போட்டு, இடுப்பில் வார் கட்டிப் பார்த்த பிறகு அவர் அப்படிச் சொல்லவில்லை.

இப்போது துணி. அசல் என்றால் வெளியே கம்பளி, உள்ளே லினன். கும்பகோணம் பெரிய கடைத் தெருவில் நீங்கள் கம்பளித் துணி கேட்டால் போர்வையைத்தான் எடுத்துப் போடுவார்கள், கோட்டுத் துணி கிடைத்தாலும் பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்தது. சந்தேகமாக இருந்தால் ஓரத்து நூல் நாலைந்தை உருவி, வெளியே வந்து தீக்குச்சி வைத்துப் பாருங்கள். சுத்தக் கம்பளி முடி பொசுங்குகிற நாற்றம் அடிக்கும், கரிந்து நொறுங்கும். பருத்தியும் லினனும் காகிதம் எரிகிற வாசனை, சாம்பல் மெத்தென்று இருக்கும். பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டியாகிவிடும். கடைக்குள்ளேயே கொளுத்தாதீர்கள், என்னை ஒரு முறை முறைத்தார்கள்.

ஆனால் உண்மையைச் சொன்னால், ஜூன் மாதப் புழுக்கத்தில், நாலு ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே, கம்பளியைப் போட்டுக்கொண்டு யாரும் இரண்டு மணி நேரம் நடிக்க முடியாது. மனச்சாட்சி உறுத்துகிறதா? ஒரு ஆறுதல் இருக்கிறது. வட இத்தாலிக்கு அப்போதே பஞ்சு வந்துகொண்டிருந்தது, மிலான், கிரெமோனா பக்கமெல்லாம் 12ஆம் நூற்றாண்டிலிருந்தே லினன் பாவில் பருத்தி ஊடை போட்டு நெய்தார்கள். ஆகப் பதுவாக்காரன் உடம்பில் பருத்தி பட்டால் வானம் இடிந்துவிடாது. நான் எடுத்தது கெட்டிக் காடா, அதாவது வெளுக்காத பருத்தித் துணி. உள்சட்டைக்கும் பெண்களின் முக்காட்டுக்கும் மல் துணி.

காடாவை வெட்டுவதற்கு முன்னால் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து அலசுங்கள். இரண்டு காரணம். ஒன்று சுருக்கம், எனக்கு மீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை போனது. இரண்டாவது கஞ்சி, அது இருக்கிற வரைக்கும் சாயம் ஏறாது. முதல் துணியை இந்தப் பொறுமை இல்லாமல் நேராகச் சாயத் தொட்டியில் போட்டு, திட்டுத்திட்டாக, தேமல் விழுந்த மாதிரி எடுத்தேன். அது வயசான துறவி வேஷத்துக்குப் போனது, பார்த்தவர்கள் பிரமாதம் என்றார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை.

இனி வெட்டலாம். மார்பு 38 இன்ச், உயரம் ஐந்தரை அடிக்கு மேல் உள்ள ஒரு ஆளுக்கு, முழங்காலுக்குக் கீழே கெண்டைக்கால் வரை இறங்குகிற சட்டை. அலசிச் சுருங்கின பிறகும் 47 இன்ச்சுக்குக் குறையாத பன்னா, அதாவது துணி அகலம், இருக்க வேண்டும், நீளம் அலசின பிறகு 94 இன்ச். வாங்கும்போது இரண்டே முக்கால் மீட்டராக வாங்கிவிடுங்கள்.

துணியை நீளவாக்கில் 23, 24 என்று இரண்டு பட்டையாகக் கிழியுங்கள். வெட்ட வேண்டாம், ஓரத்தில் கத்தரியால் ஒரு நறுக்கு கொடுத்துக் கிழித்தால் நூல் பிடித்து நேராகப் போகும். 23 இன்ச் பட்டை உடம்பு. அதைக் குறுக்காக மடித்தால் முன்னும் பின்னும் ஆகிவிட்டது, மடிப்புதான் தோள், தோளில் தையலே கிடையாது. 24 இன்ச் பட்டையில் முதல் 24 இன்ச் நீளம் ஒரு கை, அடுத்த 24 இன்னொரு கை. மேலே 19 அகலம், மணிக்கட்டில் 10 வரைக்கும் இரண்டு பக்கமும் சமமாகச் சரித்து இறக்குங்கள். மிச்சம் 46 இன்ச் இருக்கும். அதில் 27 இன்ச்சை எடுத்து, மேல் விளிம்பின் நடுவிலிருந்து கீழ் மூலைகள் இரண்டுக்கும் கோடு போட்டு வெட்டினால் நடுவில் ஒரு முழு முக்கோணம், பக்கத்தில் இரண்டு அரை முக்கோணம். அரைகள் இரண்டையும் நேர் ஓரத்தில் சேர்த்துத் தைத்தால் இன்னொரு முழு முக்கோணம். இவை இரண்டும் விலாப்பக்கம் இடுப்பிலிருந்து கீழே இறங்கும். கடைசியாக மிஞ்சுகிற 19 இன்ச்சில் அக்குளுக்கு ஐந்து இன்ச் சதுரம் இரண்டு, கழுத்துக்குப் பட்டி. எறிவதற்கு என்று பார்த்தால் கைகளின் இரண்டு ஓரத்துச் சரிவுத் துண்டும் பட்டி போக ஒரு கந்தையும்தான் மிஞ்சும், அதையும் கஞ்சனின் பணமூட்டைக்கு வைத்துக்கொண்டேன். மார்பில் 44 இன்ச் சுற்று, கீழ்ச்சுற்று சுமார் 90. நடந்தால் ஆடும், மண்டியிட்டால் விரியும்.

கழுத்துதான் ஆளைக் கவிழ்க்கிற இடம். நமக்கு சுடிதார் கழுத்து கைப்பழக்கம், கை தானாக அகலமாகப் போய்விடும். நான் முதல் சட்டைக்கு எட்டரை இன்ச் அகலம் வைத்தேன், போட்டவுடன் ஒரு பக்கத் தோள் வெளியே வந்துவிட்டது. இந்த உடையில் தோளுக்குச் சரிவு கிடையாது, அதனால் கழுத்து சின்னதாகத்தான் இருக்க வேண்டும். அகலம் ஆறரை, பின்னால் ஒரு இன்ச் இறக்கம், முன்னால் மூன்று, அதற்குக் கீழே தலை நுழைய ஐந்து இன்ச் நேர்க்கீறல், கீறலை மேலே ஒரு வட்ட ஊக்கால் சேர்த்துவிடலாம். அதையும் முதலில் அரை இன்ச் குறைவாகவே வெட்டிப் போட்டுப் பாருங்கள். பெரிசாக்க எப்போது வேண்டுமானாலும் முடியும்.

தைக்கும் வரிசையும் நம் வழக்கத்துக்கு மாறு. அக்குள் சதுரத்தின் ஒரு ஓரத்தை முதலில் கையோடு சேருங்கள், பிறகு கையை உடம்போடு, பிறகு முக்கோணங்களை, கடைசியாக மணிக்கட்டிலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாகப் பக்கத் தையல். முக்கோணத்தை எப்போதும் நுனியிலிருந்து கீழ்நோக்கித் தையுங்கள், கீழேயிருந்து மேலே போனால் சரிவாக வெட்டிய கிராஸ் ஓரம் இழுபட்டு நுனியில் சுருக்கம் விழும், பிரித்துப் பிரித்து விரல் போய்விடும். நுனியில் முதல் ஒரு இன்ச்சை ஊசியால் கையில் போட்டுவிட்டு மிச்சத்தை மிஷினில் விடுவது என் வழி. வெளியே தெரியாத நீளத் தையல்களுக்கு மிஷின் போதும். கழுத்து, கை விளிம்பு, கீழ் மடிப்பு மூன்றையும் கையால் எமிங் பண்ணுங்கள், நூலைத் தேன்மெழுகில் ஒரு தரம் இழுத்துக்கொண்டால் சிக்காது. கீழ் மடிப்புக்கு முன்னால் சட்டையை ஒரு ராத்திரி தொங்கவிடுங்கள். முக்கோணத்தின் சரிந்த ஓரங்கள் தொய்ந்து இறங்கும், காலையில் ஆளுக்குப் போட்டு நிறுத்தித் தரையிலிருந்து ஒரே உயரத்தில் சாக்கால் குறித்து வெட்டிய பிறகுதான் மடிக்க வேண்டும்.

அந்தோணியார் அங்கியும் இதே வெட்டுதான், உடம்புப் பட்டை 26 இன்ச், நீளம் கணுக்கால் வரை, கூரான முக்காடு சேர்த்து. சண்டை வந்தது நிறத்தில். நாம் பார்த்து வளர்ந்த சுரூபமெல்லாம், அதாவது கோயில் சிலையெல்லாம், பிரவுன். ஆனால் ஆரம்பகாலத்துப் பிரான்சிஸ்கன் சபையார் போட்டது சாயம் போடாத கம்பளி, வெள்ளை ஆட்டு மயிரும் கறுப்பு ஆட்டு மயிரும் கலந்து நூற்றால் வருகிற சாம்பல் நிறம். இங்கிலாந்தில் அவர்களுக்கு 'கிரே ஃபிரையர்ஸ்', அதாவது சாம்பல்நிறச் சகோதரர்கள் என்றே பெயர். பிரவுன் ரொம்பப் பின்னால் வந்தது. சபையைத் தொடங்கிய புனித பிரான்சிஸ் இறந்து ஒன்பதே வருஷத்தில், 1235-ல், பெர்லிங்கியேரி வரைந்த படம் இத்தாலியில் பெஷா ஊர்க் கோயிலில் இருக்கிறது, கூரான முக்காட்டையும் முடிச்சுப் போட்ட கயிற்றையும் அதைப் பார்த்துத்தான் எடுத்தேன். 1223ஆம் வருஷத்து சபை ஒழுங்கில் உடைக்கணக்கே எழுதியிருக்கிறது: முக்காடு வைத்த அங்கி ஒன்று, விரும்பினால் முக்காடில்லாதது இன்னொன்று, கிழிந்தால் சாக்குத்துணி வைத்து ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். நாடகக்காரருக்கு இதைவிட நல்ல செய்தி உண்டா, முழங்காலிலும் முழங்கையிலும் கோணித் துண்டை வைத்துத் தைத்துவிட்டேன்.

இதையெல்லாம் விளக்கியும் ஊர்ப் பெரியவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அந்தோணியார் மாதிரியே இல்லையே" என்று பாட்டிமார் ஒரே பிடி. கடைசியில் ஒரு சமாதானம்: நாடகம் முழுக்க சாம்பல் அங்கி, அவர் இறந்த பிறகு வருகிற மகிமைக் காட்சியில் சுரூபம் போலவே பிரவுன் அங்கி, கையில் லீலி மலர், குழந்தை இயேசு. விசில் பறந்தது அந்தக் காட்சிக்குத்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சாம்பல் நிறத்துக்கு நம் ஊர்க் கைவைத்தியமே இருக்கிறது. சிக்கல்நாயக்கன்பேட்டைப் பக்கம் கலம்காரி போடுகிறவர்கள் கறுப்புக்குச் செய்வதுதான். துருப்பிடித்த ஆணி, லாடம் எல்லாவற்றையும் வெல்லத் தண்ணீரில் ஊறவிட்டு இரண்டு மூன்று வாரம் மூடிவைத்தால் நாற்றமடிக்கிற ஒரு இரும்புத் தண்ணீர் கிடைக்கும். அலசின துணியைக் கிலோவுக்கு 200 கிராம் கணக்கில் கடுக்காய்ப் பொடி கரைத்த தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டு, பிழிந்து, அலசாமல் நிழலில் காயவையுங்கள். துணி மங்கலான மஞ்சளாக இருக்கும். பிறகு ஒரு வாளித் தண்ணீரில் இரும்புத் தண்ணீரை ஒரே ஒரு டம்ளர் விட்டுத் துணியை முக்கினால், கண்ணெதிரே மஞ்சள் சாம்பலாகத் திரும்பும். கையை எடுக்காமல் புரட்டிக்கொண்டே இருங்கள், மடிந்த இடம் மடிந்தபடியே பிடித்துவிடும். நிறம் போதவில்லை என்றால் இன்னொரு டம்ளர். அள்ளி ஊற்றினால் கறுப்பாகும், நாளாவட்டத்தில் துணியும் நைந்துபோகும்.

மற்றவர்களுக்கு நிறம் எளிது. அங்கே சிவப்புக்கு மஞ்சிட்டி வகை வேர், நீலத்துக்கு வோட் என்ற இலை, மஞ்சளுக்கு வெல்டு என்ற செடி. அந்த வேரில் இருந்த அலிசரின் என்ற சாயம்தான் நம் சோழமண்டலக் கரையில் சாயவேரிலும் இருந்தது, வோட் இலை தருகிற நீலமும் நம் அவுரி தருகிற நீலமும் ஒரே பொருள். அதனால் அவுரி நீலத்தில் முக்கின துணியை நிம்மதியாகப் போடலாம். கடைச்சாயம் என்றால் செங்கல் சிவப்பு, மங்கின நீலம், கடுகு மஞ்சள் இந்த மூன்றுக்குள் நில்லுங்கள்.

மீனவர்களுக்கு இடுப்புக்குக் கீழே தொளதொளவென்று ஒரு லினன் கால்சட்டை, அதன் மேல் சட்டை, வெறுங்கால். தார்ப்பாய்ச்சிக் கட்டிய வேட்டியைத் தூரத்திலிருந்து பார்த்தால் அந்தக் கால்சட்டை போலத்தான் இருக்கும், துணி தீர்ந்துபோய் இரண்டு பேருக்கு அப்படியே கட்டிவிட்டேன். பணக்காரனுக்குக் காலுறை வேண்டும், அது இரண்டு தனித்தனிக் கால், கிராஸில் வெட்டி உள்கால்சட்டையின் இடுப்பில் கட்டுவார்கள். கம்பளி இழுத்துக் கொடுக்கும், காடா கொடுக்காது, முழங்காலில் பிதுங்கிக்கொண்டு நிற்கும். இதில் மட்டும் அசலை விட்டுவிட்டு ஒரு லெகிங்ஸ் வாங்கிவிடுங்கள். பெண்களுக்குத் தரை தொடுகிற அதே சட்டை, முக்கோணம் நாலு, கல்யாணமானவர்களுக்கு மல் துணியில் முக்காடும் தாடைக்குக் கீழே சுற்றுகிற பட்டையும். ஆண்களுக்குத் தாடையில் முடிச்சுப் போடுகிற வெள்ளைக் குல்லா ஒன்று இருக்கிறது, கால் மீட்டர் மல் துணிகூட ஆகாது, ஆனால் சட்டையைவிட அதுதான் மேடையில் ஆளை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோகிறது. நேரம் இல்லாதவர்கள் குல்லாவை மட்டுமாவது தையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. மே மாதக் கடைசியில் எந்தத் தையல்காரரிடமும் போகாதீர்கள், பள்ளிச் சீருடை மலைபோல் குவிந்திருக்கும். பங்குனியிலேயே அளவெடுத்து, சித்திரை வெயிலில் சாயத்தை முடித்துவிடுங்கள். தண்ணீர் வந்துவிட்டால் நடிகர்களும் நாற்றங்காலுக்குப் போய்விடுவார்கள், அப்புறம் போட்டுப் பார்க்க ஆளே கிடைக்காது. நாடகம் முடிந்ததும் வியர்வையோடு மூட்டை கட்டாமல் அலசி, ஹேங்கரில் மாட்டாமல் மடித்து, நடுவில் காய்ந்த வேப்பிலை போட்டுப் பெட்டியில் வையுங்கள். மாட்டினால் முக்கோணம் வருஷம் பூராவும் இறங்கிக்கொண்டே இருக்கும், அடுத்த ஜூனில் கஞ்சன் தன் சட்டையைத் தானே மிதித்து விழுவான்.